முதலாளிக்கு 58... சப்ளையருக்கு 17!

"தம்பி, இன்னும் கொஞ்சம் சட்னி!"

புளியங்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காலை எட்டு மணிக்கு எந்த ஹோட்டலில் நுழைந்தாலும் இந்தக் குரல் கேட்கும். சப்ளையர் தம்பி என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? சில கடைகளில் மறுபேச்சு இல்லாமல் வாளியைக் கொண்டுவந்து ஊற்றுவான். சில கடைகளில் ஒரு விநாடி கல்லாப் பக்கம் திரும்பி அண்ணாச்சியின் முகத்தைப் பார்ப்பான். அண்ணாச்சியின் புருவம் ஏறினால் சட்னி வரும். இறங்கினால், "சட்னி தீந்துபோச்சு சார், சாம்பார் ஊத்தட்டுமா?"

அந்த ஒரு விநாடித் திரும்பல் இருக்கிறதே, அதை அளப்பதற்குத்தான் மேல்நாட்டு மேனேஜ்மென்ட் புரொபசர்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கார்ப்பரேட் ஆந்த்ரப்ரனர்ஷிப். (பேரைச் சொல்லி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடும்.) விஷயம் சிம்பிள். சொந்தமாகக் கடை போடுகிறவன் தொழில்முனைவோன். அடுத்தவன் கடையில் சம்பளத்துக்கு இருந்துகொண்டே, தன் கடை மாதிரி நினைத்துப் புதுசாக எதையாவது ஆரம்பிக்கிறவன்? அவனுக்கு 1985-ல் கிஃபோர்ட் பின்ச்சாட் என்ற அமெரிக்கர் ஒரு புஸ்தகமே எழுதி 'இன்ட்ராப்ரனர்' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். நம்ம ஊரில் அவனுக்கு வேறு பெயர். அதிகப்பிரசங்கி!

சரி, ஒரு கம்பெனிக்குள் இந்த அதிகப்பிரசங்கித்தனம் எத்தனை டிகிரி கொதிக்கிறது என்று அளப்பது எப்படி? 1983-ல் டேனி மில்லர் என்பவர் வழி காட்டினார். 1989-ல் ஜெஃப்ரி கோவின், டென்னிஸ் ஸ்லெவின் என்ற இருவர் ஒரு தெர்மாமீட்டரே செய்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றிலும் இரண்டு எதிரெதிர் வாக்கியங்கள், நடுவில் 1 முதல் 7 வரை எண்கள். புதுமை, துணிச்சல், போட்டிக்காரனுக்கு முந்திக்கொள்வது... இந்த மூன்றையும் சுற்றித்தான் கேள்விகள். உங்கள் கடையில் சமீப வருஷங்களில் புதுச் சரக்கு நிறைய வந்ததா, ஒன்றுமே வரவில்லையா? எதிர்க்கடைக்காரன் செய்த பிறகு நீங்கள் செய்கிறீர்களா, நீங்கள் செய்த பிறகு அவன் செய்கிறானா? ஆபத்தில்லாத வேலையாகப் பார்த்துச் செய்வீர்களா, துணிந்து இறங்குவீர்களா?

எல்லாவற்றுக்கும் 7 போட்டால் 63. எல்லாவற்றுக்கும் 1 போட்டால் 9. பூஜ்யம் வாங்கவே முடியாது. நம்ம பி.காம். பரீட்சையில் இந்த வசதி இல்லாமல் போச்சே!

உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் இந்த ஒன்பது கேள்வியை இன்றும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பாங்க், ஆஸ்பத்திரி, ஹோட்டல், ரெஸ்டாரன்ட் எதையும் விட்டுவைக்கவில்லை. எனக்கு இதில் இரண்டு இடங்களில் உதைக்கிறது.

முதலாவது, கோவினும் ஸ்லெவினும் அன்றைக்கு ஆராய்ந்தது 161 சின்னச் சின்ன உற்பத்தித் தொழிற்சாலைகளை. தொழிற்சாலையில் பழைய மாடலை மூட்டை கட்டிவிட்டுப் புது மாடல் கொண்டுவந்தால் 7 மார்க். ஹோட்டலில்? புளியங்குடி அண்ணாச்சி ஒருவர் நாளைக் காலை இட்லியைத் தூக்கிவிட்டு வேறு எதையோ வைத்தால் 7 மார்க் கிடைக்கும். வாடிக்கைக்காரர் ஏழு பேர்கூட மிஞ்ச மாட்டார்கள். முப்பது வருஷமாக ஒரே ருசியில் சாம்பார் வைப்பதே ஒரு ஹோட்டலின் சாமர்த்தியம். மாறாமல் இருப்பதற்கும் மார்க் தரவேண்டிய வியாபாரம் இது.

இரண்டாவது உதை இன்னும் பலமானது. அந்தக் கேள்வித்தாளை நிரப்புவது யார்? மேல்மட்டத்தில் இருப்பவர். அதாவது முதலாளி, இல்லாவிட்டால் மேனேஜர். 'நீங்க தைரியசாலியா, பயந்தாங்கொள்ளியா?' என்று அண்ணாச்சியிடமே கேட்டால் அவர் என்ன சொல்வார்? மீசையைத் தடவிக்கொண்டு 7 போடுவார்!

ஹோட்டல் வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. சோப்புக் கம்பெனியில் சோப்பு செய்பவனுக்கும் சோப்புப் போட்டுக் குளிப்பவனுக்கும் நடுவில் ஐந்நூறு மைல். ஹோட்டலில் சமைப்பவர், பரிமாறுபவர், சாப்பிடுபவர் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ். 'உப்பு ஜாஸ்தி' என்ற செய்தி அரை நிமிஷத்தில் வந்து சேர்ந்துவிடும். யாரிடம்? சப்ளையரிடம். வாடிக்கைக்காரரின் வாய்க்கு மிகப் பக்கத்தில் இருக்கிற காது அவனுடையது. கல்லாவில் இருப்பவருக்குக் கேட்பதெல்லாம் சில்லறைச் சத்தம்தான்.

இதைப் புளியங்குடியில் வைத்தே பார்த்துவிடலாம். சங்கரன்கோவிலுக்கு மேற்கே, திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில், ராஜபாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் நடுவே இருக்கிற ஊர். ஆனி, ஆடி வந்தால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப சாமிகளின் பஸ்கள். போதாக்குறைக்கு ஊரே எலுமிச்சை ஊர். 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு ஹோட்டல். கற்பனைதான், யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நவம்பர் மாதம், விடியற்காலை. ஒரு பஸ் நின்று, சாமிகள் இறங்கி, "வெங்காயம் பூண்டு போடாத சாம்பார் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றதும் ஏறிப் போய்விடுகிறார்கள். நாலாவது பஸ்ஸும் போன பிறகு சப்ளையர் தம்பிக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, சீசன் முடியற வரைக்கும் ஒரு சின்னப் பாத்திரத்துல வெங்காயம் போடாம தனியா சாம்பார் வச்சா என்ன?"

"ஏல, மூணாம் டேபிள்ல எலை எடுக்காம கெடக்கு. அதப் பாரு மொதல்ல."

முடிந்தது! ஒரு தொழில்முனைவு பிறந்து, பெயர் வைப்பதற்குள் கண்ணை மூடிவிட்டது. இது எந்த ரெஜிஸ்டரிலும் பதிவாகாது. அன்று சாயங்காலம் புரொபசர் கேள்வித்தாளோடு வந்தால் அண்ணாச்சி, "புதுசுன்னா நமக்கு உசிரு சார்" என்று 58 மார்க் போட்டுக்கொள்வார். போன வருஷம் ஏ.சி. ரூம் கட்டியிருக்கிறாரே!

நான் சொல்வது இவ்வளவுதான். அதே தாளைச் சப்ளையர் தம்பியிடமும் கொடுங்கள். அவன் 17 போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 58-ல் 17 போனால் 41. அந்த 41-தான் அளக்கவேண்டிய விஷயம். மற்றதெல்லாம் அண்ணாச்சியின் சுயசரிதை. காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், இரண்டு புத்தகமும் டாலி ஆகவில்லை, எங்கேயோ ஒரு என்ட்ரி விட்டுப்போயிருக்கிறது.

புரொபசர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. டொனால்ட் குராட்கோ, ஜெஃப்ரி ஹார்ன்ஸ்பி கோஷ்டி முதலாளியை விட்டுவிட்டு நடுமட்டத்து மேனேஜர்களிடம் இறங்கி வந்தது. மேலிடத்து ஆதரவு உண்டா, சொந்தமாக முடிவெடுக்க விடுகிறார்களா, செய்தால் பலன் உண்டா, யோசிக்க நேரம் கிடைக்கிறதா, யாருக்கு எது வேலை என்ற வேலி எவ்வளவு உயரம் என்று ஐந்து விஷயங்களைப் பிடித்து 48 கேள்விகள் போட்டார்கள். நல்ல கேள்விகள். ஆனால் 'யோசிக்க நேரம்' என்பதை ஹோட்டலில் எப்படிக் கேட்பது? அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று ஒரு வழக்கம். நம்ம தோசை மாஸ்டர் காலை எட்டரைக்கு 15 சதவீதம் யோசிக்க ஆரம்பித்தால் தோசை 100 சதவீதம் கருகிவிடும்.

சட்னிக்காகத் திரும்பிப் பார்க்கிற சமாசாரத்தை ரூபாயிலேயே அளக்கலாம். ரிட்ஸ்-கார்ல்டன் என்ற பெரிய நட்சத்திர ஹோட்டல் கம்பெனியில் ஒரு ஏற்பாடு. ஒரு விருந்தாளியின் குறையைத் தீர்க்க, எந்த ஊழியரும் மேலதிகாரியைக் கேட்காமலேயே 2,000 டாலர் வரை செலவழிக்கலாம். ரூம் பெருக்குகிறவர் உள்பட! தினமும் யாரும் 2,000 டாலரை வாரி இறைப்பதில்லை. 'நீ முடிவெடு, நான் பின்னால் இருக்கிறேன்' என்பதற்கு அவர்கள் எழுதி ஒட்டிய விலைச் சீட்டு அது. புளியங்குடியில் 2,000 டாலர் வேண்டாம் சாமி. அண்ணாச்சியைக் கேட்காமல் தம்பி எத்தனை ரூபாய்க்கு முடிவெடுக்கலாம்? ஒரு கரண்டி சட்னி? கருகிய தோசைக்குப் பதில் தோசை? குழந்தை கீழே தட்டிவிட்ட பாலுக்கு இன்னொரு டம்ளர்? இந்த ஒரே கேள்வி 48 கேள்விக்குச் சமம் என்பது என் கட்சி.

அடுத்ததாக நான் பார்ப்பது கரும்பலகையை. 'இன்றைய ஸ்பெஷல்' போர்டில் அழித்து அழித்து எழுதிய தழும்பு தெரிகிறதா? ரவா பொங்கல் எழுதி, ஓடாமல் அழித்து, அடை அவியல் எழுதி, அது ஓடி... தோற்ற பலகாரங்களின் சுண்ணாம்புத் தடம் இருந்தால் அந்தக் கடையில் யாரோ முயற்சி செய்கிறார்கள் என்று அர்த்தம். போர்டில் பெயின்ட்டிலேயே 'ஸ்பெஷல்: பூரி' என்று நிரந்தரமாக எழுதியிருந்தால், எழுந்து கை கழுவிவிடலாம். ஹோட்டலில் பரீட்சை பண்ணிப் பார்க்கச் செலவு கம்மி. புது மோட்டார் டிசைன் தோற்றால் கோடிகள் போகும். புதுப் பலகாரம் தோற்றால் ஒரு பாத்திரம் போகும். அப்படியும் யாரும் செய்யாமல் இருக்கிறார்கள் என்றால், அந்த ஒரு பாத்திரத்தின் காசு யார் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்று கேளுங்கள். பதில் கிடைத்துவிடும்.

யோசனை கீழேயிருந்து வந்து ஜெயித்த கதை வேண்டுமா? அமெரிக்காவுக்குப் போக வேண்டியதுதான். மெக்டொனால்ட்ஸ் என்றால் எல்லாம் தலைமை ஆபீஸில் ஸ்கேல் வைத்து அளந்து செய்வது என்று நினைக்கிறோம். அதன் பிரபலமான பலகாரங்கள் பல, கிளைக்கடை நடத்துபவர்கள் கண்டுபிடித்தவை. சின்சினாட்டியில் லூ குரோன் என்பவர் ஒரு கிளை வைத்திருந்தார். சுற்றிலும் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டார்கள். கல்லா காற்று வாங்கியது. மீன் வைத்த பர்கர் போடலாம் என்றார். பெரிய முதலாளி ரே கிராக்குக்கு மீன் வாசனையே ஆகாது. அவர் தன் பங்குக்கு அன்னாசித் துண்டு வைத்து ஒரு பர்கர் தயாரித்தார். 1962-ல் ஒரு பெரிய வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்ப்பது என்று பந்தயம். குரோன் பின்னாளில் சொன்ன கணக்குப்படி மீன் 350, அன்னாசி 6. முதலாளி தன் அன்னாசியை ஓரம் கட்டிவிட்டு மீனை மெனுவில் சேர்த்தார். அந்த இடத்தில் அவருக்கு ஒரு சபாஷ். எத்தனை அண்ணாச்சிகள் தன் அன்னாசியைத் தானே தூக்கிப் போடுவார்கள்?

நம்ம வெங்காயமில்லாத சாம்பாருக்கும் இந்த மீன் பர்கருக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? விரதக்காரர் வந்தார், சாப்பிடாமல் போனார், ஒருவர் கவனித்தார். அங்கே பந்தயம் வைத்தார்கள். இங்கே எலை எடுக்கச் சொன்னார்கள்.

ரொம்பவும் புகழ வேண்டாம், இன்னொரு கதையும் உண்டு. பெனிசில்வேனியாவில் ஜிம் டெலிகட்டி என்ற கிளைக்காரர் 1967-ல் இரட்டை அடுக்கு பர்கர் ஒன்றைப் போட்டார். விலை 45 சென்ட். 1968-ல் அமெரிக்கா முழுக்கப் போன அதுதான் பிக் மேக். கண்டுபிடித்தவருக்கு ஒரு பர்கருக்கு ஒரு பைசா என்று ராயல்டி வந்திருந்தாலும் ஏழு தலைமுறைக்குக் காணும். வந்தது ராயல்டி இல்லை... ஒரு ஷீல்டு! நிறையக் கிளைகள் வைத்திருந்ததால் அவர் வசதியாகத்தான் இருந்தார், 2016-ல் 98 வயதில் காலமானார். ஆனாலும் கணக்கு கணக்குத்தான். ஒன்பது கேள்வியிலும் 'பலன் யாருக்குப் போச்சு?' என்ற கேள்வி இல்லை.

நம்ம பக்கத்தில் இந்தப் பலன் கேள்விக்கு ஒரு சிக்கலான உதாரணம் சரவண பவன். 1981-ல் சென்னை கே.கே.நகரில் ஆரம்பித்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரரான ராஜகோபால், ஊழியர்களுக்கு வீடு, வைத்தியம், பிள்ளைகள் படிப்பு என்று மற்ற ஹோட்டல்கள் யோசிக்காததையெல்லாம் செய்தார். பிற்பாடு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2019-ல் இறந்துபோனார் என்பதையும் மறைக்க முடியாது. கடை வெளிநாடுகளுக்கெல்லாம் கிளை விட்டதில் அந்த ஊழியர் விசுவாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வசதி கொடுப்பது வேறு, முடிவெடுக்க விடுவது வேறு. அன்பான அப்பா வீட்டிலும் ரிமோட் அப்பா கையில்தானே இருக்கும்?

எந்தத் தேதியில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். பெங்களூர் எம்.டி.ஆர். 1924-ல் ஆரம்பித்த கடை. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி செய்து பார்த்தது தாங்கள்தான் என்று சொல்வார்கள். எமர்ஜென்சி வந்தது. பலகாரத்தை இந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது என்று கட்டுப்பாடு. தரத்தைக் குறைக்க மாட்டோம் என்று நஷ்டத்துக்கு விற்று, தினசரி நஷ்டக் கணக்கை வாசலில் எழுதிப் போட்டார்களாம். கடைசியில் ஹோட்டலை மூடவேண்டி வந்தது. அந்த வாரம் யாராவது தெர்மாமீட்டர் வைத்திருந்தால் 'ஆள் அவுட்' என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அங்கிருந்துதான் மசாலாப் பொடியும் ரவா இட்லி மிக்ஸும் பாக்கெட்டில் போட்டு விற்கிற வியாபாரம் வளர்ந்தது. ஹோட்டலும் பிறகு திறந்தது. 2007-ல் அந்தப் பாக்கெட் கம்பெனியை நார்வே நாட்டு ஆர்க்லா விலைக்கு வாங்கியது. ஹோட்டல் குடும்பத்திடமே இருக்கிறது. ஒரே அடுப்பில் இரண்டு வியாபாரம் பிறந்த கதை. ஒரு வருஷத்து மார்க்கை வைத்து இதைப் பிடிக்கவே முடியாது.

'கார்ப்பரேட்' என்றதும் கார்ப்பரேஷன் ஞாபகம் வருகிறது. 2013-ல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகம் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது. சொத்து வரி வசூலிக்கிற ஆபீஸ் இட்லி அவிக்க இறங்கியதே ஒரு முனைவுதான். 2017-ல் பெங்களூரில் இந்திரா கேன்டீன் வந்தது. 'மற்றவர்கள் உங்களைப் பார்த்துச் செய்கிறார்களா?' என்ற கேள்விக்கு அன்றைய தேதியில் முழுசாக 7. லாபக் கணக்கில் மட்டும் தேட வேண்டாம்.

என் கழித்தல் கணக்கையே கவிழ்க்கிற கேஸ் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். காபி போர்டு நடத்திய காபி ஹவுஸ்களை ஐம்பதுகளில் மூட ஆரம்பித்தார்கள். வேலை போன ஊழியர்கள், ஏ.கே.கோபாலன் தூண்டுதலில், கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தாங்களே கடை நடத்தத் துணிந்தார்கள். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம், 1958-ல் திருச்சூரில். இந்தியன் காபி ஹவுஸ்! இங்கே சப்ளையரே முதலாளி. முதலாளி மார்க்கில் சப்ளையர் மார்க் போனால் மிச்சம் பூஜ்யம். பிரமாதம்! ஆனால் போய் உட்கார்ந்து பாருங்கள். அதே விசிறித் தலைப்பாகை, கேரளாவில் அதே பீட்ரூட் போட்ட மசாலா தோசை. 1957-ல் துணிச்சலுக்கு 7 வாங்கியவர்கள், பிறகு அதையே பத்திரமாகக் காப்பாற்றுகிறார்கள். ஆகவே கழித்தால் மட்டும் போதாது, இரண்டு எண்களும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்றும் பார்க்கவேண்டும். இரண்டு பேரும் ஒற்றுமையாக 12 மார்க் வாங்குகிற கடைகளும் நாட்டில் ஏராளம். ஆனாலும் அந்த பீட்ரூட் தோசையை மாற்றினால் முதலில் கொடி பிடிப்பவன் நான்தான்.

அண்ணாச்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. "யோசனை சொல்ற பய நாளைக்கே எதுத்தாப்புல கடை போட்டுருவான் சார்!" பயம் நிஜமானது. தென்னிந்திய ஹோட்டல் சரித்திரமே அப்படித்தான் வளர்ந்தது. 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஆரம்பித்த கிருஷ்ணராவ், சமையல்கட்டில் எடுபிடியாக ஆரம்பித்தவர். யோசனை உள்ளவன் உள்ளே வழி கிடைக்காவிட்டால் வெளியே வழி தேடுவான். அதனால் புளியங்குடிக் கடையில் இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்தில் இங்கிருந்து விலகி, சென்னையிலோ கேரளாவிலோ சொந்தக் கடை போட்டவர்கள் எத்தனை பேர்? மூன்று பேர் என்றால், அண்ணாச்சி மூன்று புதுக் கிளைகளைச் சம்பளம் கொடுத்து வளர்த்து, அடுத்தவர் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்.

இதெல்லாம் ஹோட்டல் சமாசாரம் என்று ஃபைலைத் திறந்துவிடாதீர்கள். உங்கள் ஆபீஸிலும் ஒரு யோசனைப் பெட்டி மாட்டியிருப்பார்கள். பூட்டு இருக்கும், சாவி எங்கே என்று கேட்டால் போன மேனேஜரோடு போயிற்று என்பார்கள். 'புதிதாகச் சிந்தியுங்கள்' என்று சர்க்குலர் வரும், அதையும் மூன்று காப்பி எடுத்து மேலே அனுப்பி அப்ரூவல் வாங்கியிருப்பார்கள். உங்கள் மேலதிகாரிக்கு 58 என்றால் உங்களுக்கு எத்தனை என்று ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பாருங்கள். போட்டதும் கிழித்துவிடுங்கள். அப்ரைசல் மாதம் வேறு!

புளியங்குடிப் பக்கம் யாராவது அண்ணாச்சி துணிந்து இந்தப் பரீட்சையை வைப்பதாக இருந்தால், இரண்டு சின்ன யோசனை. தாளில் பெயர் எழுதச் சொல்லவேண்டாம். அப்புறம், எழுதக் கல்லாப் பேனாவைக் கொடுக்கவேண்டாம். அண்ணாச்சி பேனா கைக்கு வந்தால், தம்பி ஒன்பது கேள்விக்கும் 7 போட்டுவிட்டு மூணாம் டேபிள் எலை எடுக்கப் போய்விடுவான்.